பதினெட்டு அறை, ஒரே பலகை

1

டெல்லி என்ன வெளிநாடா, எதற்காக வெளிநாட்டுக்காரி மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று சாத்தூரிலிருந்து என் தம்பி போனில் கேட்பான். நான் இங்கே வந்து முப்பத்தோரு வருஷமாகிறது. அவன் கேட்பதும் நிற்கவில்லை, நான் பதில் சொல்வதும் நிற்கவில்லை. இந்தத் தடவை எழுத்திலேயே பதில் தந்துவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

போன மாதக் கடைசியில் எனக்குப் பணி ஓய்வு. கீழ்நிலை எழுத்தராக உள்ளே போய், பிரிவு அலுவலராக வெளியே வந்தேன். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், சமோசா கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் என் மகள் கயல்விழி ஒரு கவரை நீட்டினாள். அவள் குருகிராமில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் இருக்கிறாள். ஹோட்டலுக்கும் கடைக்கும் உள்ளே என்ன நிறம், எந்த நாற்காலி, எங்கே விளக்கு என்று முடிவு செய்கிற வேலை. கவருக்குள் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் தங்குவதற்கான சீட்டு இருந்தது. தெற்கு டெல்லியில் புதிதாகத் திறந்த சின்ன ஹோட்டல், மொத்தமே பதினெட்டு அறை. அவள் ஸ்டூடியோ வடிவமைத்தது. பெயர் ‘டைப்-டூ’.

உங்களுக்கு இது புரியாது. டெல்லியில் அரசு ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸைத் தரம் பிரித்து டைப்-ஒன், டைப்-டூ என்று வரிசையாகப் பெயர் வைத்திருப்பார்கள். எண் ஏற ஏற வீடும் பெரிதாகும், ஆளும் பெரிய ஆளாவார். எழுத்தர்களுக்கு டைப்-டூ. அந்தப் பெயரைத்தான் ஒரு பணக்கார ஹோட்டலின் வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள்.

“வந்து பாரும்மா. நம்ம கிட்வாய் நகர் வீட்டையே உள்ள வெச்சிருக்கேன். நீ அழுதுருவ பாரு” என்றாள் கயல்.

நான் அழவில்லை. அழுதிருந்தால் மனசாவது லேசாகியிருக்கும். இதில் என் கணவர் செல்வராஜின் பெயர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அவர் போய் ஆறு வருஷமாகிறது. அவருக்காகப் பேச வேண்டியவள் இப்போது நான் ஒருத்திதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

சனிக்கிழமை மத்தியானம், இப்போது குடியிருக்கும் மோதி பாக்கிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். கையில் ஒரே பை. அதில் மாற்றுப் புடவை இரண்டு, மூட்டுவலித் தைலம், மூக்குக் கண்ணாடிக்கூடு. வரவேற்பு மேஜையில் கயல் வயதில் ஒரு பெண் சிரித்த முகமாக நின்றிருந்தாள்.

“ஆதார் கார்டு தீஜியே, ஆன்ட்டிஜி.”

கொடுத்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“சாரி மேம். லோக்கல் ஐடி அலவ்ட் நஹி ஹை.”

ஆன்ட்டிஜி மேம் ஆன உடனேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை கிடையாது. இங்கே பல ஹோட்டல்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று காதில் விழுந்திருக்கிறது. உள்ளூரில் வீடு இருப்பவர்கள் ஹோட்டல் அறை எதற்கு எடுக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். என்ன சந்தேகம் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். இந்தச் சந்தேகத்தை அறுபது வயதில், மூட்டுவலித் தைலத்தோடு தனியாக வந்து நிற்கும் என்மேலும் காட்டுகிறார்கள்.

“என் மகதான் இந்த ஹோட்டல டிசைன் பண்ணினா” என்று ஹிந்தியில் சொன்னேன்.

“ஜி மேம், பட் பாலிசி ஹை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷமாக இந்த ஊரில் என் பெயர் மதராஸி. காய்கறிக்காரருக்கு மதராஸி ஆன்ட்டி. பக்கத்து குவார்ட்டர்காரிக்கு மதராஸன். ஆபீஸில் முதல் பத்து வருஷம் என் டிபன் பாக்ஸைத் திறந்தாலே, ‘இன்னிக்கும் இட்லிதானா’ என்று ஒரே கேலியைத் தினமும் சொல்லிச் சிரித்தார்கள். சாத்தூருக்கும் மதராஸுக்கும் நடுவே ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும் என்று எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. அங்கே சாத்தூருக்குப் போனால் நான் டெல்லிக்காரி. இரண்டு ஊரும் என்னை அடுத்த ஊருக்கே தள்ளிவிடும். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக இந்த நகரம் என்னைத் தன் ஆள் என்று ஒத்துக்கொண்டது, அதுவும் கதவைச் சாத்துவதற்காக.

கயலுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங் என்று ஒரு வரி வந்தது. பைக்குள் துழாவினேன். ஒரு பழைய பர்ஸின் அடியில் என் வாக்காளர் அட்டை கிடந்தது. சாத்தூர் முகவரி. கல்யாணமான புதிதில் லீவுக்கு ஊருக்குப் போனபோது எடுத்தது. எங்களைப் போல டெல்லிக்கு வந்தவர்களில் பலர் செய்கிற காரியம் இது. ரேஷன் கார்டை மாற்றுவோம், கேஸ் இணைப்பை மாற்றுவோம், ஓட்டை மட்டும் ஊரிலேயே விட்டு வைப்போம். எப்படியும் திரும்பிப் போகப் போகிறோம் என்ற நினைப்பு. ஓட்டுப் போடவும் போனதில்லை, திரும்பியும் போகவில்லை.

அந்தப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள். படத்தில் மல்லிகைப் பூவும் ஒட்டிய கன்னமுமாக ஒருத்தி.

“யே ஆப் ஹை?” இது நீங்களா என்று கேட்டாள்.

“ஹான்.”

“டீக் ஹை மேம், யே சலேகா.”

இது செல்லுமாம். ஐந்து நிமிஷத்துக்கு முன் என் ஆதாரைப் பார்த்ததை அவள் அப்போதே மறந்துவிட்டாள். என்னையும் மறக்கச் சொல்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள். பதிவேட்டில் எங்கிருந்து வருகிறீர்கள் என்ற இடத்தில் சாத்தூர் என்று எழுதினேன். எங்கே போகிறீர்கள் என்ற இடத்திலும் சாத்தூர். வந்த நோக்கம் என்ற கட்டத்தை அவளே நிரப்பிவிட்டாள், சுற்றுலா என்று. வாழ்நாள் பூராவும் இந்த ஊரில் வேலை பார்த்துவிட்டு, இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவளாக மாடிப்படி ஏறினேன்.

3

அறையைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, துணி காயப்போட ஒரு வராந்தா. நாங்கள் மூன்று பேர்தான். ஆனால் மூன்று பேராக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் விருதுநகர் மாவட்டத்து நோயாளிகளில் பாதிப் பேருக்கு எங்கள் முகவரி தெரியும். பரீட்சைக்கு வருகிறவர்கள், இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள், சும்மா தாஜ்மகால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். ஒரு மேஜை போட இடம் கிடையாது. மேஜை போட்டால் யாராவது ஒருவர் படுக்க முடியாது.

செல்வராஜ் வேறொரு அமைச்சகத்தில் மேல்நிலை எழுத்தர். அவர் ஆபீஸுக்குப் புது மெஷின் வந்தபோது அதன் மரப்பெட்டியை உடைத்து வராந்தாவில் போட்டிருந்தார்கள். நாலு பேர் கேட்காமலே தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் மனு எழுதி, அனுமதி வாங்கி, வாயிற்சீட்டு போட்டு ஒரே ஒரு பலகையை எடுத்து வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கீல் வைத்து, அதைச் சுவரோடு மடங்குகிற மேஜையாக்கினார். தாங்குகாலுக்கு எதுவும் கிடைக்காமல் தன் பழைய சைக்கிளின் ஸ்டாண்டைக் கழற்றிப் பொருத்தினார். மனுஷன் தச்சர் இல்லை, அதற்கு முன் ஒரு ஆணியைக்கூட நேராக அடித்ததில்லை.

அந்தப் பலகையில்தான் கயல் அரிச்சுவடி எழுதினாள். அதில்தான் நான் சப்பாத்தி தேய்த்தேன், துணி தேய்த்தேன், துறைத் தேர்வுக்குப் படித்தேன். குவார்ட்டர்ஸ் சுவரில் துளை போடக் கூடாது என்று சட்டம் உண்டு. பராமரிப்பு இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பலகையை மடக்கி, மேலே பெரிய காலண்டர் ஒன்றைத் தொங்கவிடுவோம்.

கயலுக்கு மூன்று வயது நடந்தபோது சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தவள், பலகையின் இடது மூலையில் நேராக மோதினாள். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. மூன்று தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை, ரம்பத்தை எடுத்து அந்த மூலையை வளைவாக அறுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்துவிட்டுத் தன் கன்னத்தை அதில் வைத்து உரசிப் பார்த்தார், மறுபடி தேய்த்தார், மறுபடி கன்னத்தை வைத்தார். வலது மூலையைத் தொடவில்லை. வலது பக்கம் பீரோவை ஒட்டி இருந்தது, யாரும் போய் இடிக்க வழியில்லை.

பிறகு கிட்வாய் நகரை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். எங்களுக்கு மோதி பாக்கில் வீடு ஒதுக்கினார்கள். அங்கே பலகையை மாட்டத் தோதான சுவர் இல்லை. அது கட்டிலுக்கு அடியில் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் கயல் அதை வெளியே இழுத்துப் போட்டு, அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனாள். “சும்மா டாக்குமெண்டேஷன்மா” என்றாள். மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தது நான்தான்.

4

அறையைத் திறந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. சின்ன அறை, எங்கள் முன்னறை அளவுதான் இருக்கும். சுவரில் பாதி உயரத்துக்கு ஆபீஸ் பச்சைப் பெயின்ட். கறுப்பு வட்ட சுவிட்சுகள். கட்டிலுக்குப் பக்கத்தில் தகரப்பெட்டி, அதன்மேல் விளக்கு. ஜன்னல் திரையைச் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தார்கள், நாங்கள் கோப்பு கட்டுகிற அதே நாடா. சாப்பாட்டுப் பட்டியல் ஒரு கோப்பு அட்டைக்குள் டேக் போட்டு இருந்தது. ஆளைக் கூப்பிட ஆபீஸ் மேஜைமணி ஒன்று. அந்த மணிக்கு ஓடிய காலம் எனக்கு நினைவிருக்கிறது, அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. காபி கேட்டதற்கு டபராவைத் தலைகீழாக டம்ளர் மேல் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். மூடியாம்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பத்துப் பேர் நெருக்கியடித்துப் படுத்த இடத்தை ஒரே ஒருவருக்குக் கொடுத்தால் அழகாகத்தான் இருக்கும். இட நெருக்கடியே வேண்டி விரும்பி அனுபவிக்கிற பண்டமாகிவிட்டது, சரி, காலம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். குளித்துவிட்டு ஜன்னலோரம் போகத் திரும்பினேன். இடுப்பெலும்பில் சுள்ளென்று ஒரு இடி.

“அரே பாப்ரே” என்று கத்தினேன். ‘அம்மா’ என்று வரவில்லை. அடிபட்ட வலியைவிட அது பெரிய வலி. இடுப்பைப் பிடித்துக்கொண்டே என்ன இடித்தது என்று பார்த்தேன்.

எங்கள் பலகை. தேக்கில் செய்து மெழுகு போட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. தாங்குகால் பித்தளையில் வார்த்தது, ஆனால் அச்சு அசல் சைக்கிள் ஸ்டாண்டு. இடது மூலை வளைவு. வலது மூலை கூர். இங்கே வலது பக்கம் பீரோ இல்லை. ஆள் நடக்கிற வழி அது.

பலகைக்கு மேலே சின்ன அட்டை ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: அரசுக் குடியிருப்புகளின் எளிய வாழ்வுக்கு ஒரு குறும்பான வணக்கம். ஒரு மூலை வளைந்தும் ஒரு மூலை கூர்ந்தும் இருப்பது ஒழுங்கின் நடுவே ஓர் அழகிய ஒழுங்கின்மை. கருத்தும் வடிவமும் என்று போட்டு ஒரு பெயர். கயலின் முதலாளி பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு ஏற்கெனவே பதினெட்டு அட்டை இருக்கிறது.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். தன் பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் கன்னத்தை உரசி உரசிச் செய்த காரியம் இவர்களுக்குக் குறும்பாம், ஒழுங்கின்மையாம். வேறு யாராவது எழுதியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகள் அந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதியிருக்கிறார்கள்.

5

நாலு மணிக்குக் கயல் வந்தாள். கையில் பூங்கொத்து.

“எப்படிம்மா? அழுதியா?”

“இடுப்புல இடிச்சுக்கிட்டேன். அதுக்கே அழல. உக்காரு.”

உட்கார்ந்தாள். பலகையைக் காட்டினேன்.

“இந்த வலது மூலைய எதுக்குடி இப்படிக் கூரா விட்டீங்க?”

“அது அப்படித்தானேம்மா இருந்துச்சு. எக்ஸாக்டா அளந்து எடுத்தேன். பாஸுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்த ஒரு கார்னர்தான் ரூமோட ஹீரோன்னார்.”

“அது ஏன் அப்படி இருந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?”

“அப்பா கைவேலைதானே. ஒரு பக்கம் சரியா வரல போலன்னு நெனச்சேன்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. “அவருக்குச் சரியா வராம விட்டாரா? ஒரு பக்கம் வந்த மனுஷனுக்கு இன்னொரு பக்கம் வராதா?” என்று கத்தினேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். “அம்மா, ப்ளீஸ். சீன் பண்ணாத. ஸ்டாஃப் எல்லாம் தெரிஞ்சவங்க.”

அவள் புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். “இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?”

“பார்க்ல. ஊஞ்சல்ல விழுந்து.”

“ஊஞ்சல் இல்ல. இந்தப் பலக. இந்த எடது மூல.”

சொன்னேன். மூன்று தையல், ரம்பம், உப்புத்தாள், கன்னம், பீரோ எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பூங்கொத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே” என்றாள் கடைசியில்.

“அப்பா செஞ்சு வெச்ச சாமானாலதான் பிள்ளைக்கு அடிபட்டுச்சுன்னு ஒனக்குத் தெரிய வேணாம்னார். ஊஞ்சல்னு சொல்லச் சொன்னதும் அவருதான். சரி, நாங்கதான் சொல்லல. நீ அளந்தியே, போட்டோ பிடிச்சியே, ஏம்மா இது இப்படியிருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். பெரிய வேலைக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றியது நான்தான். அதற்குப் பிறகு அவளுக்குத் தமிழ் சமையற்கட்டோடு நின்றுவிட்டது. சாப்பிட்டியா, தூங்கினியா, ஜல்தி கிளம்பு. ஒரு மனிதனைப் பற்றி விவரமாகப் பேசுகிற அளவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லாமல் போய்விட்டது.

“சரி. அட்டைல எதுக்கு அந்தாளு பேரு?”

“ஸ்டூடியோ வொர்க்னா பாஸ் பேர்தாம்மா போகும். எல்லா எடத்துலயும் அப்படித்தான். என் பேரே இல்ல பாரு.”

“ஒன் பேரு இல்லேன்னா நீ கேக்க மாட்டியா?”

“அடுத்த மாசம் என்னை அசோசியேட் ஆக்கறதா சொல்லியிருக்கார். இப்பப் போயி இதக் கிளப்பினா எல்லாம் போச்சு.” பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “நீதானம்மா சொன்ன. மொத வேலைல என் டிராயிங்க வேற ஆள் பேர்ல மேகஸின்ல போட்டாங்கன்னு நான் அழுதப்ப, பேரு வந்தா என்ன வராட்டி என்ன, சம்பளம் வருதுல்ல, வாய மூடிக்கிட்டுப் போன்னு சொன்னது நீதான்.”

சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைச் சொன்னேன். அன்றைக்கு அவளுக்கு இருபத்திரண்டு வயது. சாப்பிடாமல் படுத்திருந்தாள். தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு அதைச் சொன்னேன், புத்திமதி என்று நினைத்துச் சொன்னேன். அதுவரை முதலாளி மேலும் மகள் மேலும் இருந்த கோபம் சட்டென்று திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது.

6

ஆனால் என் கோபம் எனக்குள்ளேயே புகைந்து அடங்குகிற வகை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு.

முப்பத்தோரு வருஷமாக நான் செய்தது ஒரே வேலை. கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது. நான் எழுதியதை எத்தனையோ அதிகாரிகள் தங்கள் யோசனையாகச் சொல்லி மீட்டிங்கில் பாராட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அரசாங்கத்தில் ஒரு முறை இருக்கிறது. குறிப்பை எழுதியவர் கீழே இடது பக்கம் கையெழுத்துப் போடுவார். ஒப்புதல் தருகிறவர்கள் வலது பக்கம் போடுவார்கள். அமைச்சரே கையெழுத்துப் போட்டாலும் இடது பக்கம் இருக்கிற எழுத்தரின் கையெழுத்தை அழிக்க முடியாது. நாளைக்கு யார் கோப்பைத் திறந்தாலும் இதை முதலில் யோசித்தது யார் என்று தெரிந்துவிடும். அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், அந்த ஒரு நியாயம் அதில் உண்டு. இந்தத் தேக்கு மேஜைக்காரர்களிடம் அதுகூட இல்லை.

தகரப்பெட்டிமேல் கடிதம் எழுதும் தாள்கள் வைத்திருந்தார்கள். பச்சை நிறம், ஓரத்தில் கோடு. எங்கள் குறிப்புத் தாளையே காப்பியடித்து வேடிக்கைக்கு வைத்தது. நான் வேடிக்கைக்கு எடுக்கவில்லை. உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதினால் அவளுக்கு எழுத்துக் கூட்டி முடிக்கவே பொழுது போய்விடும்.

பொருள்: அறைகளில் உள்ள மடக்குப் பலகை. பத்தி ஒன்று, இது கிட்வாய் நகர் டைப்-டூ குவார்ட்டரில் செல்வராஜ் என்பவர் செய்தது. பத்தி இரண்டு, இடது மூலை வளைக்கப்பட்ட காரணம். பத்தி மூன்று, வலது மூலை வளைக்கப்படாத காரணம். அந்தக் காரணம் இந்த ஹோட்டலில் இல்லை. இன்று மத்தியானம் ஒரு விருந்தினருக்கு இடுப்பில் அடிபட்டது. குழந்தையாக இருந்தால் முகத்தில் பட்டிருக்கும். பத்தி நான்கு, ஒப்புதலுக்கு இரண்டு யோசனைகள். அ, பதினெட்டு அறையிலும் வலது மூலையையும் வளைக்க வேண்டும். ஆ, அட்டையில் செய்தவர் பெயரைப் போட வேண்டும்.

இடது பக்கம் கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். ஓரத்தில் அவள் பெயரை எழுதித் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“என்னால ரெண்டாவது முடியாதும்மா.”

“வாயால சொல்லாத. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதி, ஏன்னு எழுதி, கையெழுத்துப் போடு. எங்க ஆபீஸ்ல அதான் முற. எழுத தைரியமில்லாத முடிவு முடிவே இல்ல.”

பேனாவைக் கையில் கொடுத்தேன். அவள் அப்பா பெயர் இருந்த வரிக்கு எதிரே ‘முடியாது’ என்று எழுத அவளால் முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை, வர விடவில்லை. வெகுநேரம் கழித்து வலது பக்கம் எழுதினாள். அ, ஒப்புதல், உடனே. அதற்குக் கீழே ஆ என்று போட்டாள். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டாள். பிறகு பூங்கொத்தைப் பலகையின்மேல் வைத்துவிட்டு, “கொஞ்சம் டைம் குடும்மா” என்றாள்.

நான் இரண்டாம் நாள் தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கீழ்த்தளத்தில் தச்சர்கள் இரண்டு பேர் வேலையில் இறங்கியிருந்தார்கள். கயல் பக்கத்தில் நின்று எவ்வளவு வளைக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். வரவேற்பில் அந்தப் பெண் எல்லாம் நன்றாக இருந்ததா என்று கேட்டாள். டெல்லி எனக்குப் பிடித்ததா என்றும் கேட்டாள். வெளியே வந்து ஆட்டோ ஏறினேன்.

7

பதினெட்டு மூலைகளும் வளைந்துவிட்டன என்று நேற்று கயல் படம் அனுப்பினாள். அட்டை அப்படியேதான் இருக்கிறது. படத்தில் அது விழாமல் எடுக்கப் பார்த்திருக்கிறாள், ஓரத்தில் கொஞ்சம் விழுந்துவிட்டது.

செல்வராஜ் இருந்திருந்தால் முதல் யோசனையோடு திருப்தியாகியிருப்பார். யார் தலையும் இடிக்காமல் இருந்தால் போதும் என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். பெயர் கேட்டால் சிரித்திருப்பார். மரப்பெட்டிப் பலகைக்கு மனு எழுதிய மனுஷன் அவர். நான் அவர் இல்லை. அவருடைய இந்த அடக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் வாயை மூடிக்கொள்வது புத்திசாலித்தனம் என்று கற்றுக்கொண்டேன். என் மகளுக்கும் அதையே கொடுத்தேன். இப்போது அவர் மேலும் கோபம் வருகிறது. செத்தவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள், வருகிறது.

கயல் மேல் இருக்கிற கோபம் வேறு மாதிரி. அவள் மறுத்து எழுதவில்லை, இடம் விட்டு வைத்திருக்கிறாள். கொஞ்சம் டைம் கேட்கிறாள். கொடுக்கலாம், பெற்றவள்தானே. ஆனால் கோப்பில் விட்டு வைத்த இடங்களை நான் நிறையப் பார்த்தவள். பிறகு எழுதலாம் என்று விட்ட இடத்துக்கு யாரும் திரும்பி வந்து எழுதியதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால் அந்த இடத்தை நானே நிரப்பிவிடுகிறேன். அந்த ஹோட்டலில் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. சாத்தூரிலாவது படியுங்கள்.

கருத்தும் வடிவமும்: சு. செல்வராஜ், மேல்நிலை எழுத்தர். தன் மகளின் தலை மறுபடி இடிக்காமல் இருப்பதற்காகச் செய்தது.